25ஆவதாக அழைக்கப்பட்ட மைக் டிரவுட்: 21 அணிகள் எதைப் பார்க்கத் தவறின?

தாமிரபரணி:
பேஸ்பாலின் 2009 டிராஃப்டைப் (அணிகள் முறை வைத்து இளம் வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வு) பற்றிப் படித்ததிலிருந்து ஒரு கேள்வி என்னை விடாமல் துரத்துகிறது. அந்த ஆண்டு ஜூன் 9 அன்று, நியூ ஜெர்சி மாநிலம் சிகாகஸ் என்ற ஊரிலுள்ள தொலைக்காட்சி அரங்கில் முதல் சுற்று நடந்தது. தேர்வாகும் வாய்ப்புள்ள இளைஞர்களில் அரங்குக்கே நேரில் வந்து உட்கார்ந்திருந்தவர் ஒருவர்தான். அதே மாநிலத்தின் மில்வில் பள்ளியில் படித்த 17 வயது மைக் டிரவுட். ஒவ்வொரு பெயராக வாசிக்கிறார்கள். பத்து போயிற்று, இருபது போயிற்று. 24ஆவது வாய்ப்பும் 25ஆவது வாய்ப்பும் ஏஞ்சல்ஸ் அணிக்கு. 24ஆவதாக அவர்கள் அழைத்தது ரேண்டல் கிரிச்சக் என்ற இன்னொரு அவுட்ஃபீல்டரை (மைதானத்தின் வெளிப்பகுதியைக் காப்பவர்). அதற்கு அடுத்துத்தான் டிரவுட்டின் பெயர் வந்தது.

பிறகு நடந்தது எல்லோருக்கும் தெரியும். 2014, 2016, 2019 ஆகிய மூன்று ஆண்டுகளில், மேஜர் லீக் எனும் உச்சப் போட்டியின் ஒரு பிரிவான அமெரிக்கன் லீகின் மதிப்புமிக்க வீரர் விருது. 2019இல் 12 ஆண்டுகளுக்கு 42.65 கோடி டாலர் ஒப்பந்தம். தலைமுறைக்கு ஒருவர் என்று சொல்லத்தக்க சென்டர் ஃபீல்டர், அதாவது அவுட்ஃபீல்டின் நடுப்பகுதியைக் காப்பவர்.

எண்ணிப் பார்த்தால், ஏஞ்சல்ஸைத் தவிர 21 அணிகளுக்கு அவரை எடுக்கும் வாய்ப்பு இருந்தது. வாஷிங்டனுக்கும் அரிசோனாவுக்கும் இரண்டிரண்டு முறை. இந்தத் தொழிலிலேயே ஊறியவர்கள் நிறைந்த அணிகள் இவை. அவர்கள் கண்ணில் படாமல் போனது எது? தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

எடிசன்வாசி:
தாமிரபரணி, நான் அதே நியூ ஜெர்சியில்தான் இருக்கிறேன். பாதிக் காரணம் இங்குள்ள வானிலை. மார்ச் கடைசியில் எங்கள் பக்கத்துப் பள்ளி மைதானத்தைப் போய்ப் பார்த்தால் புரியும். தரை இன்னும் இறுகிக் கிடக்கும். பையன்கள் இரண்டு பந்துகளுக்கு நடுவே விரல்களை வாயருகே வைத்து ஊதிக்கொள்வார்கள். அந்தக் குளிரில் பந்து மட்டையின் நடுவில் படாவிட்டால் மணிக்கட்டு வரை விண்ணென்று தெறிக்கும். பருவம் தொடங்கி, மழைக்குச் சில ஆட்டங்கள் போய், ஜூன் வருவதற்குள் பள்ளி ஆட்டங்கள் முடிந்துவிடும்.

கலிபோர்னியா, ஃபுளோரிடா, டெக்சாஸ் பையன்களோ ஏறக்குறைய ஆண்டு முழுவதும் ஆடுகிறார்கள். அவர்கள் எதிர்கொள்ளும் பந்துவீச்சும் வேகமானது. டிரவுட் தன் கடைசிப் பள்ளிப் பருவத்தில் 18 ஹோம் ரன் (கிரிக்கெட் சிக்ஸரைப் போலப் பந்தை எல்லைக்கு அப்பால் அனுப்புவது) அடித்தார். நியூ ஜெர்சி பள்ளிகளில் அது அப்போது சாதனை. ஆனால் அணிக்காக இளம் வீரர்களைத் தேடும் ஸ்கவுட் என்ன நினைப்பார்? ‘யாருடைய பந்தில் அடித்தான்?’ என்றுதான் கேட்பார். ஒரு முக்கியமான பள்ளி ஆட்டத்தில் மூன்று பேஸ்களிலும் (ரன் எடுக்க வரிசையாகத் தொட வேண்டிய இடங்கள்) ஆள் நிற்கும்போதே எதிரணி அவருக்கு வேண்டுமென்றே வாக் (அடிக்காமலே முதல் பேஸுக்குப் போகும் அனுமதி) கொடுத்தது. அதாவது, இவன் அடித்துவிடுவானோ என்று பயந்து ஒரு ரன்னைத் தானாகவே தூக்கிக் கொடுத்தார்கள். அதைக்கூட ‘எதிரணி அவ்வளவு பலவீனம்’ என்று படிக்க முடியும் அல்லவா?

இன்னொன்று, அதுவரை மைதானத்தின் உட்பகுதியில், ஷார்ட்ஸ்டாப் என்ற இடத்தில் ஆடிவந்தவர் அந்தக் கடைசிப் பருவத்தில்தான் அவுட்ஃபீல்டுக்கு மாறினார். பார்க்க வந்தவர்கள் கண்டது அந்த இடத்தில் புதிதாக நிற்கும் ஒரு பையனை.

கணக்குப்பிள்ளை:
நீங்கள் இருவரும் தேவைக்கு மேல் காரணம் தேடுகிறீர்கள். டிராஃப்ட் ஒரு குலுக்கல். அதே 2009 பட்டியலை எடுத்துப் பாருங்கள். மூன்றாவதாக சான் டியேகோ அழைத்தது டொனவன் டேட் என்ற பள்ளி அவுட்ஃபீல்டரை. ஒப்பந்தத் தொகை 62.5 லட்சம் டாலர். மேஜர் லீகில் ஓர் ஆட்டம்கூட ஆடவில்லை. ஐந்தாவதாக பால்டிமோர் எடுத்த மேட் ஹாப்குட்டும் ஆடவில்லை. 23ஆவதாக வந்த ஜேரட் மிட்செல், அவரும் அவுட்ஃபீல்டர்தான், கல்லூரியில் தேசியச் சாம்பியன் அணியில் ஆடியவர், அவரும் ஆடவில்லை. டிரவுட் வாங்கியது 12.15 லட்சம் டாலர். டேட்டின் தொகையில் ஐந்தில் ஒரு பங்கு.

17 வயதுப் பையனின் உடம்பு 24 வயதில் எப்படி இருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. தோள் வலி வரலாம், முழங்கால் போகலாம், மனம் விட்டுப்போகலாம். 21 அணிகள் தவறு செய்தன என்பதே தவறான பேச்சு. முடிவு தெரிந்த பிறகு யாரும் ஜோசியம் சொல்லலாம்.

வைகைக்கரை:
கணக்குப்பிள்ளை ஐயா, உங்கள் எண்கள் சரி. முடிவை மட்டும் நான் ஏற்கவில்லை. குலுக்கல் என்று சொல்லிவிட்டால் கிரெக் மோர்ஹார்ட் செய்த வேலை ஒன்றுமே இல்லை என்றாகிவிடும்.

மோர்ஹார்ட் ஏஞ்சல்ஸ் அணிக்காக வடகிழக்கு மாநிலங்களைச் சுற்றிவந்த ஸ்கவுட். மைக்கின் தந்தை ஜெஃப் டிரவுட்டும் அவரும் 1980களில் மினசோட்டா அணிக்காக மைனர் லீகில் (மேஜர் லீகுக்குக் கீழுள்ள பயிற்சிப் படிகள்) ஒன்றாக ஆடியவர்கள். இருவருக்குமே மேஜர் லீகின் கதவு திறக்கவில்லை. ஜெஃப் ஊருக்குத் திரும்பிப் பள்ளியில் வரலாற்று ஆசிரியரானார், பேஸ்பால் பயிற்சியும் கொடுத்தார். மோர்ஹார்ட் ஆள் தேடும் வேலைக்குப் போனார். பல ஆண்டுகள் கழித்துப் பழைய கூட்டாளியின் மகனைப் பார்க்கும்போது அவருக்கு மற்றவர்களுக்குத் தெரியாத ஒன்று தெரிந்திருந்தது. இந்தப் பையன் எந்த வீட்டில் வளர்ந்தான், ஆட்டத்தை யாரிடம் கற்றான் என்பது. இதை நட்புக்காகச் செய்த சிபாரிசு என்று யாரும் தள்ளிவிட வேண்டாம். தவறான ஆளைச் சிபாரிசு செய்தால் அணியின் பணமும் தன் வேலையும் போகும் என்று தெரிந்த மனிதர் அவர்.

ஸ்கவுட்கள் ஒவ்வொரு திறனுக்கும் 20 முதல் 80 வரை மதிப்பெண் போடுவார்கள். 50 என்றால் மேஜர் லீகின் சராசரி. பேட்டிங், பலம், ஓட்டம், எறியும் கை, களக்காப்பு என்று ஐந்து திறன். ஓட்டத்துக்குக் கடிகாரம் இருக்கிறது. வலக்கை பேட்டர் பந்தை அடித்து முதல் பேஸை ஏறக்குறைய 4 வினாடியில் தொட்டால் 80. அங்கே குளிரோ, எதிரணியின் பலவீனமோ பொருட்டில்லை. டிரவுட்டின் கால்கள் அந்த உச்ச வகை. அந்தப் பருமனான உடம்பு அத்தனை வேகமாக ஓடுவதைப் பார்த்தும் ‘வடக்கத்திப் பையன்’ என்று மதிப்பெண்ணைக் குறைத்தவர்கள் இருந்தார்கள். கண்ணால் கண்டதை விட்டுவிட்டு ஊர்ப் பெயரை நம்பினார்கள் என்றுதான் நான் சொல்வேன்.

மோர்ஹார்ட்டின் பேச்சை நம்பித் தேர்வுக் குழுவை நடத்தியவர் எடி பேன். 2010 கடைசியில் ஏஞ்சல்ஸ் அவரை வேலையிலிருந்து நீக்கியது. டிரவுட் மேஜர் லீகில் கால் வைப்பதற்கு முன்பே. இதை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் ஆறவில்லை.

கல்லணை:
நான் கிரிக்கெட் பக்கமிருந்து வருகிறேன். ஐபிஎல் ஏலத்தில் எடுத்த பையன் அடுத்த மாதமே தொலைக்காட்சியில் வருகிறான். இங்கே முதல் சுற்றில் எடுத்தும் ஏன் இரண்டு மூன்று ஆண்டுகள் ஆகின்றன? நேரே இறக்கிவிட்டால் என்ன?

எடிசன்வாசி:
கல்லணை தம்பி, ஏலத்தில் வாங்குவது தயாரான ஆளை. டிராஃப்டில் எடுப்பது விதைநெல். ஒவ்வொரு மேஜர் லீக் அணிக்கும் கீழே படிப்படியாகத் துணை அணிகள் உண்டு. ரூக்கி, சிங்கிள் ஏ, ஹை ஏ, டபுள் ஏ, டிரிபிள் ஏ. ஒவ்வொரு படியிலும் பந்துவீச்சாளர்கள் கூர்மையாகிக்கொண்டே போவார்கள். சிங்கிள் ஏயில் வேகப்பந்து வீசுபவன் பலர், அதை நினைத்த இடத்தில் வீசுபவன் குறைவு. டபுள் ஏயில் அதே வேகத்துடன், வேகப்பந்தைப் போலவே கிளம்பிக் கடைசி நேரத்தில் கீழே விழும் பந்தும் வரும். அங்கேதான் பெரும்பாலானவர்களின் கனவு நின்றுபோகிறது.

டிரவுட் ஏறிய விதம் இப்படி. 2009 கோடையில் அரிசோனா ரூக்கி லீகில் சராசரி (மட்டை பிடித்த முறைகளில், பந்தை அடித்துப் பத்திரமாகப் பேஸ் சேர்ந்த ‘ஹிட்’களின் பங்கு) .360. 2010இல் ஐயோவா மாநிலம் சிடார் ரேப்பிட்ஸ் அணிக்கு 81 ஆட்டங்கள், சராசரி .362, திருடிய பேஸ்கள் (பந்து அடிக்கப்படாதபோதே ஓடிச் சேர்ந்தவை) 45. அதே ஆண்டு கலிபோர்னியாவின் ராஞ்சோ குகமோங்காவுக்கு உயர்வு. 2011இல் டபுள் ஏ, ஆர்கன்சா டிராவலர்ஸ். அங்கே மோதியவர்களில் பலர் அவரைவிட நான்கைந்து வயது மூத்தவர்கள். அங்கும் .326.

பொன்னிநதி:
அந்தப் படிகளில் சோறு எப்படி என்பதையும் யாராவது எழுத வேண்டும். டிரவுட்டிடம் ஒப்பந்தப் பணம் இருந்தது. 20ஆவது சுற்றுக்குப் பிறகு வந்த பையனிடம் என்ன இருந்தது? 2022 வரை ரூக்கி நிலையில் ஆண்டுக்கு ஏறத்தாழ 4,800 டாலர், டிரிபிள் ஏயில் 17,500 டாலர். குளிர்காலத்துக்குச் சம்பளமே கிடையாது. ஓர் அறைக்குள் நான்கைந்து பேர் காற்றடைத்த மெத்தையில் படுத்துக்கொண்டு, இரவெல்லாம் பஸ்ஸில் போய், மறுநாள் மாலை ஆடி, ஆட்டம் முடிந்ததும் மலிவாகக் கிடைப்பதைத் தின்றுவிட்டுத் தூங்கியவர்கள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். உடம்பை நம்பிப் பிழைக்கும் தொழிலில் உடம்புக்கே சோறு போடாத முறை அது. பல கோடி டாலர் புரளும் அணிகள் இதைப் பல்லாண்டுகள் நியாயப்படுத்தின.

வீரர்கள் தொடுத்த வழக்கு 2022இல் 18.5 கோடி டாலர் சமரசத்தில் முடிந்தது. அந்த ஆண்டுதான் பெரும்பாலான வீரர்களுக்கு அணிகள் தங்குமிடம் தரத் தொடங்கின. மைனர் லீக் வீரர்கள் சங்கத்தில் சேர்ந்தார்கள். 2023 ஒப்பந்தப்படி சிங்கிள் ஏயில் 26,200 டாலர், டிரிபிள் ஏயில் 35,800 டாலர். அதே ஆண்டு மேஜர் லீகின் குறைந்தபட்சம் 7,20,000 டாலர். ஒரே ஒரு படி ஏறினால் இருபது மடங்கு. டிராஃப்ட் எண்ணைப் பற்றிப் பேசும்போது இதை மறக்காதீர்கள். பெரிய தொகை வாங்கியவனுக்கு அணி பொறுமை காட்டும், நல்ல உணவும் வாங்கித் தின்பான். கடைசிச் சுற்றில் வந்தவன் இரண்டு மாதம் சரியாக ஆடாவிட்டால் வீட்டுக்குப் போகலாம்.

கணக்குப்பிள்ளை:
பொன்னிநதி சொல்வதுதான் என் வாதத்துக்கும் வலு. குலுக்கலிலும் சிலருக்குப் பல சீட்டு, சிலருக்கு ஒரே சீட்டு.

வைகைக்கரை:
ஒரே சீட்டை வைத்துக்கொண்டு வந்தவரைச் சொல்கிறேன், கேளுங்கள். கெவின் கியர்மையர். இந்தியானா மாநிலம் ஃபோர்ட் வெய்ன் ஊர்க்காரர். இல்லினாயில் பார்க்லண்ட் என்ற இரண்டாண்டுக் கல்லூரியில் ஆடினார். 2010 டிராஃப்டில் டாம்பா பே அவரை எடுத்தது 31ஆவது சுற்றில், 941ஆவது ஆளாக. அந்த இடத்தில் எடுப்பவர்களில் பெரும்பாலோர் பெயரை அணியின் ரசிகர்களே கேள்விப்பட மாட்டார்கள்.

அவரிடம் இருந்தது கால், கை, பந்து மட்டையில் படும் கணத்திலேயே அது எங்கே விழும் என்று தெரிகிற கண். சென்டர் ஃபீல்டருக்கு முதல் காலடிதான் உயிர். தலைக்கு நேரே வரும் பந்துதான் மிகக் கடினம், முன்னே விழுமா பின்னே போகுமா என்று தெரியாது. சாதாரண ஆள் அரை வினாடி நின்று பார்ப்பான். கியர்மையர் அதற்குள் முதுகைத் திருப்பிச் சுவரை நோக்கி நாலு எட்டு போயிருப்பார். பந்தைப் பார்க்காமலே ஓடி, திரும்பும்போது பந்து அங்கே இருக்கும். அவருடைய பழைய பதிவுகளில் பந்தை விட்டுவிட்டு அவர் கால்களை மட்டும் பாருங்கள். வளைந்து ஓடுவதே இல்லை.

மேஜர் லீகில் அவர் இறங்கிய நாளும் விசித்திரமானது. 2013 செப்டம்பர் 30. டாம்பா பேயும் டெக்சாஸும் சமநிலையில் முடித்ததால் கூடுதலாக ஒரு 163ஆவது ஆட்டம். தோற்றால் பருவமே முடிந்தது. அந்த ஆட்டத்தின் 9ஆவதும் கடைசியுமான இன்னிங்ஸில் சென்டர் ஃபீல்டைக் காக்கச் சொல்லி, அதுவரை ஒரு மேஜர் லீக் ஆட்டமும் ஆடாத இவரை இறக்கினார்கள். டாம்பா பே வென்றது. 2015இல் அவருடைய களக்காப்பு 42 ரன்களை மிச்சப்படுத்தியது என்று கணக்கிட்டார்கள், அந்தக் கணக்கு முறை வந்த பிறகு அதுவரை யாரும் தொடாத எண். சிறந்த களக்காப்புக்கான கோல்ட் கிளவ் விருதுகள் நான்கு. 2024இல் டாட்ஜர்ஸ் அணியுடன், மேஜர் லீகின் இறுதிப் போட்டியான உலகத் தொடரை வென்று ஓய்வு பெற்றார்.

அப்போது டிராஃப்ட் 50 சுற்று. 2012இல் 40 ஆக்கினார்கள், 2021 முதல் 20 சுற்றுதான். துணை அணிகளின் எண்ணிக்கையையும் 120ஆகக் குறைத்துவிட்டார்கள். இன்றைய விதியில் 941ஆவது ஆள் என்று ஒருவரே இல்லை.

கல்லணை:
டிரவுட்டுக்கே வருகிறேன். டபுள் ஏயில் இருந்து நேராக மேலே போய்க் கலக்கிவிட்டார் என்றுதான் நினைத்திருந்தேன். 2011 எண்களைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லையே?

தாமிரபரணி:
இதை நான் தேடிப் படித்துவிட்டேன். 2011 ஜூலையில் ஏஞ்சல்ஸின் சென்டர் ஃபீல்டர் பீட்டர் போர்ஜோஸ் காயமடைந்தார். ஜூலை 8 அன்று சியாட்டிலுக்கு எதிராக டிரவுட் இறங்கினார், 20 வயதுகூட நிறையவில்லை. முதல் ஆட்டத்தில் ஒரு ஹிட்டும் இல்லை. ஒரு மாதம்கூட ஆகாமல் ஆர்கன்சாவுக்குத் திருப்பி அனுப்பினார்கள், ஆகஸ்டில் மறுபடி கூப்பிட்டார்கள். மொத்தம் 40 ஆட்டங்கள், சராசரி .220. அதோடு நிறுத்தியிருந்தால் யாருக்கும் நினைவிருக்காது.

2012 வசந்தத்தில் காய்ச்சலும் தோள் வலியும். பருவத்தை டிரிபிள் ஏயில், சால்ட் லேக்கில் தொடங்கினார். 20 ஆட்டங்களில் .403. மேலே ஏஞ்சல்ஸ் முதல் 20 ஆட்டங்களில் 14இல் தோற்றுத் தடுமாறிக்கொண்டிருந்தது. மூத்த வீரர் பாபி அப்ரேயுவை விடுவித்துவிட்டு ஏப்ரல் 28 அன்று டிரவுட்டை அழைத்தார்கள். அந்தப் பருவம் .326 சராசரி, 30 ஹோம் ரன், 49 திருடிய பேஸ்கள், 129 ரன். சிறந்த புதுமுகம் விருது ஒருமனதாக. ஜூன் 27 அன்று பால்டிமோரில் ஜே.ஜே. ஹார்டி அடித்த பந்து சுவரைத் தாண்டிவிட்டது என்று எல்லோரும் முடிவுகட்டிய நேரத்தில், டிரவுட் ஓடிவந்து எம்பி, சுவருக்கு மேலே கையை நீட்டி அதைத் திரும்பக் கொண்டுவந்தார். அவுட்ஃபீல்டுக்குக் கடைசிப் பள்ளிப் பருவத்தில்தான் மாறினார் என்று எடிசன்வாசி சொன்னாரே, அவர்தான் இவர்.

காயமடைந்த அந்த போர்ஜோஸும், 24ஆவதாக அழைக்கப்பட்ட கிரிச்சக்கும் 2013 நவம்பரில் ஒரே பரிமாற்றத்தில் செயின்ட் லூயிஸுக்கு அனுப்பப்பட்டார்கள்.

கணக்குப்பிள்ளை:
.220 ஆடிய பையனுக்கு இரண்டாவது வாய்ப்பு தானாகக் கிடைத்தது. சரி, எல்லோருக்கும் அப்படி நடக்கிறதா? ஜேரட் கெலனிக்கைப் பாருங்கள். விஸ்கான்சின் மாநிலத்துக் குளிரில் வளர்ந்த அவுட்ஃபீல்டர். 2018இல் 6ஆவதாக மெட்ஸ் எடுத்தது, அதே ஆண்டு டிசம்பரில் சியாட்டிலுக்குக் கைமாற்றியது. மைனர் லீகில் அடித்து நொறுக்கினார். 2021 மேயில் மேஜர் லீக். அந்த ஆண்டு சராசரி .181. தொடர்ந்து 39 முறை ஆட்டமிழந்த காலமும் அதில் உண்டு. அவருக்கும் பல வாய்ப்புகள் கொடுத்தார்கள், எதிர்பார்த்த உயரத்தை எட்டவில்லை. .220இல் தொடங்கி ஏறுபவன் யார், .181இல் தொடங்கி நிற்பவன் யார் என்று எந்த ஸ்கவுட்டாலும் முன்கூட்டிச் சொல்ல முடிந்ததா?

வைகைக்கரை:
.179இல் தொடங்கியவர் ஒருவரும் இருக்கிறார் ஐயா. ஆரன் ஜட்ஜ். 2010இல் பள்ளி முடித்தபோது ஓக்லண்ட் 31ஆவது சுற்றில் அழைத்தது. வேண்டாம் என்று சொல்லி ஃப்ரெஸ்னோ ஸ்டேட் கல்லூரிக்குப் போனார். 2013இல் யாங்கீஸ் 32ஆவதாக எடுத்தது. 2016 ஆகஸ்ட் 13 அன்று முதல் முறை மட்டை பிடித்ததிலேயே ஹோம் ரன். அதன் பிறகு சறுக்கல். 84 முறையில் 42 ஸ்டிரைக் அவுட் (பந்தை அடிக்க முடியாமலே ஆட்டமிழப்பது), சரிபாதி. அந்தக் குளிர்காலத்தில் தன் அடிக்கும் முறையைப் பிரித்துப்போட்டுத் திரும்பச் சேர்த்தார். 2017இல் 52 ஹோம் ரன், அப்போது புதுமுகங்களில் அதுவே சாதனை.

முன்கூட்டிச் சொல்ல முடியாது என்பதை ஏற்கிறேன். ஆனால் குலுக்கலில் சீட்டு எடுத்த பிறகு செய்வதற்கு ஒன்றுமில்லை. இங்கே எடுத்த பிறகுதான் வேலையே தொடங்குகிறது. யாருடைய கை எங்கே தாமதிக்கிறது என்று ஒரு பயிற்சியாளர் கண்டுபிடிக்க வேண்டும், அதை மாற்ற அந்தப் பையன் சம்மதிக்க வேண்டும், அதுவரை அணி பொறுக்க வேண்டும். கெலனிக்கைத் திறமையற்றவர் என்று நான் சொல்லத் துணிய மாட்டேன்.

எடிசன்வாசி:
ஜட்ஜைப் பற்றிப் பேச்சு வந்ததால் ஒன்று. டிரவுட்டை எடுத்த 25ஆவது வாய்ப்பு முதலில் யாங்கீஸுடையது. ஏஞ்சல்ஸிலிருந்து மார்க் டெஷேராவை அவர்கள் வாங்கியதால் விதிப்படி அது ஏஞ்சல்ஸுக்குப் போனது. 24ஆவதும் அப்படித்தான், ஃபிரான்சிஸ்கோ ராட்ரிகஸை மெட்ஸ் வாங்கியதற்கு ஈடு. நான்கு ஆண்டு கழித்து நிக் ஸ்விஷர் யாங்கீஸை விட்டு கிளீவ்லண்ட் போனார், அதற்கு ஈடாகக் கிடைத்த வாய்ப்பில்தான் ஜட்ஜ் வந்தார்.

தாமிரபரணி:
அப்படியென்றால் டெஷேராவை வாங்காமல் இருந்திருந்தால் நியூ ஜெர்சிப் பையன் பக்கத்து ஊர் அணிக்கே போயிருக்கக்கூடும்!

கணக்குப்பிள்ளை:
டெஷேரா வந்த 2009இலேயே யாங்கீஸ் உலகத் தொடரை வென்றது. டிரவுட் தன் அணியுடன் பிளேஆஃப் (பருவ இறுதியின் வெளியேற்றுச் சுற்று) ஆடியது 2014இல் மட்டும், கான்சஸ் சிட்டியிடம் மூன்று ஆட்டமும் தோல்வி. யாங்கீஸ் ரசிகர் யாரிடமாவது கேட்டுப் பாருங்கள், அந்தப் பேரத்தைத் திருப்பிக்கொள்வாரா என்று.

பொன்னிநதி:
யாங்கீஸ் ரசிகரை விடுங்கள். என் அக்கா மகன் டெக்சாஸில் பள்ளி அணிக்கு ஆடுகிறான், லெஃப்ட் ஃபீல்ட், அதாவது அவுட்ஃபீல்டின் இடது ஓரம். 16 வயது. கடைசிச் சுற்றில் ஏதாவது ஓர் அணி கூப்பிட்டால் போய்விடுவேன் என்கிறான். வீட்டில் கல்லூரி என்கிறார்கள். வைகைக்கரை அண்ணா, நீங்கள் என்ன சொல்வீர்கள்?

வைகைக்கரை:
கல்லூரிக்குப் போகச் சொல்லுங்கள், அம்மா. டிரவுட்டும் ஈஸ்ட் கரோலினா பல்கலைக்கழகத்தில் சேர ஒப்புக்கொண்டிருந்தவர்தான். முதல் சுற்றுப் பணம் வந்ததால் போகவில்லை. அந்த அளவு பணம் வந்தால் யோசிக்கலாம். இல்லையென்றால் ஜட்ஜ் வழியே நல்லது. நாலாண்டுக் கல்லூரியில் சேர்ந்தால் மூன்றாம் ஆண்டு முடிந்ததும் அல்லது 21 வயதானதும் மறுபடி டிராஃப்டில் வரலாம். இரண்டாண்டுக் கல்லூரி என்றால் அதற்கு முன்பே வரலாம். படிப்பும் கையில் இருக்கும். ஆனால் எந்த வழியில் போனாலும் லெஃப்ட் ஃபீல்டோடு நின்றுவிட வேண்டாம் என்று சொல்லுங்கள். கால் வேகம் இருந்தால் சென்டர் ஃபீல்டில் பழகட்டும். சென்டர் ஆடத் தெரிந்தவனை ஓரத்துக்கு மாற்றுவது எளிது, ஓரத்தில் நின்றே பழகியவனை நடுவே கொண்டுவருவது கடினம். ஓரத்தில் நிற்பவன் மட்டையால் மட்டுமே பிழைக்க வேண்டும். 60 கெஜ ஓட்டத்தின் நேரத்தை யாரையாவது வைத்துக் குறித்து அனுப்பச் சொல்லுங்கள், பார்த்துவிட்டு எழுதுகிறேன்.